முதலாம் இராசராச சோழன்

முதலாம் இராசராச சோழன் கி.பி. 985 முதல் 1014 வரை ஆட்சி செய்த சோழப் பேரரசன் ஆவான். இவனது இயற்பெயர் அருண்மொழிவர்மன். போர் வெற்றிகளாலும் 1010 இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலாலும் இவன் பெரிதும் அறியப்படுகிறான். எனினும் வென்ற நிலத்தை வகுத்து, அளந்து, பெயரிட்டு ஆண்டதே இவனது ஆட்சியின் தலையாய பணி எனலாம்.

இளமை

தந்தை சுந்தர சோழன். தாய் வானவன் மாதேவி. தாய் மலையமான்கள் ஆண்ட மிலாட்டைச் சேர்ந்தவள். கணவன் இறந்தபோது கைக்குழந்தையையும் பிரிந்து அவள் உடன் உயிர் துறந்ததைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு கூறுகிறது. இவ்வூர் 2019 இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பின், சிற்றப்பன் முறையினனான உத்தம சோழன் ஆண்டான். அவனுக்குப் பின்னரே இராசராசன் முடிசூடினான்.

மண்டலங்களும் வளநாடுகளும்

பாண்டிய நாடு, சேர நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, ஈழத்தின் வடபகுதி ஆகியன சோழர் ஆட்சிக்குள் வந்தன. பாண்டிய நாடு இராசராசப் பாண்டி மண்டலம் எனவும், தொண்டை நாடு செயங்கொண்ட சோழ மண்டலம் எனவும், ஈழம் மும்முடிச் சோழ மண்டலம் எனவும் பெயர் பெற்றன. பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆயிற்று. இவற்றுட் பல மன்னனின் பட்டப் பெயர்களே.

சோழ நாட்டிற்குள் பல நாடுகளைச் சேர்த்து வளநாடு என்னும் புதிய பிரிவு அமைக்கப்பட்டது. அருண்மொழிதேவ வளநாடு, சத்திரிய சிகாமணி வளநாடு, நித்தவினோத வளநாடு என்பன இவ்வகையின. ஆறுகளே பெரும்பாலும் எல்லைகளாகக் கொள்ளப்பட்டதால் சில பழைய நாடுகள் இரு வளநாடுகளுக்கிடையே பிரிந்து கிடந்தன. தாய் பிறந்த மிலாடும் பிற்காலக் கல்வெட்டுகளில் சனநாத வளநாடு என்று வழங்குகிறது. ஆயினும் அதனுள் அடங்கிய குறுக்கைக் கூற்றம் பழைய பெயரை இழக்கவில்லை.

நில அளவை

1001 ஆம் ஆண்டளவில் நாடு முழுதும் நிலம் அளக்கத் தொடங்கப்பட்டது. வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை கணக்கிடப்பட்டன. இப்பணியை நடத்திய சேனாபதி குரவன் உலகளந்தான் என்னும் பெயர் பெற்றான். அளவையின் சுமையும் சிறிதன்று. 1009 ஆம் ஆண்டைச் சேர்ந்த உக்கல் கல்வெட்டின்படி, பிராமணர் ஊர்கள் போன்றவற்றில் இரண்டு முழு ஆண்டுகள் வரி செலுத்தாதோரின் நிலத்தை ஊரார் கைக்கொண்டு விற்கலாம்.

பாரசீகத்தில் சாசானிய மன்னன் முதலாம் குசுரோவும் (531–579) தந்தை தொடங்கிய நில அளவையை முடித்து நிலவரியை நிலைப்படுத்தினான். பேரரசை நான்கு திசைகளாகப் பிரித்து, திசைக்கொரு படைத்தலைவனையும் அமர்த்தினான். இராசராசனின் வளநாடுகளோ படைக்காக அன்றி வருவாய்க்காக வகுக்கப்பட்டவை.

இறுதிக்காலம்

1012 இல் மகன் இராசேந்திரன் இளவரசுப் பட்டம் பெற்றுத் தந்தையுடன் ஆட்சியில் பங்கேற்றான். 1014 இல் இராசராசன் மறைந்தான். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் (1070–1120) வளநாடுகள் பலவற்றின் பெயர்கள் அவனது பட்டங்களுக்கேற்ப மாற்றப்பட்டன. நாடுகளின் பழம்பெயர்கள் மாறாது கல்வெட்டுகளில் தொடர்கின்றன.