ஏரும் ஏடும்

கற்றவன் கலப்பையைத் தொடலாகாது, உழுபவனுக்கு ஏடு வேண்டா என்று எண்ணுவோர் இன்னும் நம்மிடையே உளர். ஜப்பான் தேசத்து நினோமியா ஸொன்டொகுவின் சரித்திரத்தை அவர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

1787-இல் ஒடவாரா சீமையில் குடியானவர் குடும்பத்திற் பிறந்தவர் அவர். 1791-இல் ஸகாவா நதியின் வெள்ளம் குடும்ப நிலத்தைப் பாழாக்கிற்று. 1802-க்குள் தந்தையும் தாயும் மாண்டனர். அடைக்கலம் தந்த உறவினர், இரவிற் படித்து எண்ணெயை வீணாக்குவதாகக் கடிந்துகொண்டார். சிறுவர் ஆற்றங்கரைத் தரிசில் எண்ணெய் வித்து விதைத்து, விளைந்ததை மாற்றி விளக்கெரித்துக் கற்றார். பிறர் எறிந்த நாற்றை நட்டு ஒரு மூட்டை நெல்லும் கண்டார். சிறுகச் சேர்த்து, இழந்த நிலத்தை மீட்டார்.

1823-இல் ஒடவாரா பிரபுவின் கட்டளைப்படி, மீட்ட சொத்தையும் விற்றுவிட்டு, பாழடைந்த ஸகுராமாச்சி கிராமங்களைச் சீர்திருத்தக் குடியேறினார். வீடுதோறும் சென்று விசாரித்தார். வரவுக்குள் செலவை அடக்கி, மிச்சத்தைப் பொதுநலத்திற்கு ஈயும் முறையை ஏற்படுத்தினார்.

1833-ஆம் வருஷக் கோடையில் உண்ட கத்தரிக்காய், பருவம் பிந்திய காய்போல் சுவைத்ததாம். குளிர் மிகுமென உணர்ந்து குதிரைவாலி விதைக்கச் செய்தார். நாட்டின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியபோது அக்கிராமங்கள் பிழைத்தன.

ஏடு மட்டும் அறிந்த அதிகாரி அக்காயைத் தின்று மறந்திருப்பார். ஏர் மட்டும் அறிந்தவர் ஐயுற்றிருப்பினும், ஊர் முழுமைக்கும் கணக்கிட்டுத் தானியம் சேர்த்திரார்.

1856-இல் அவர் காலமானார். விறகு சுமந்துகொண்டே படிக்கும் சிறுவனாகப் பிற்காலத்தார் அவரைப் பள்ளிகளிற் சிலையாக்கினர். நாம் வணங்கவேண்டுவது, அப்படிப்பை நெல்லாக்கிய கையையே. கற்றோர் நிலத்தைக் கைவிட்டால், நிலம் மட்டுமன்று, கல்வியும் தரிசாகும்.