யார் இந்த எட்கர் தர்ஸ்டன்? பவளப்பாறையைத் தேடி ராமேஸ்வரம் போனவர் பழனி மலை மக்களையும் பதிவு செய்தது எப்படி?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். ராமேஸ்வரத்துப் பவளப்பாறைகள் இருப்பதோ கடலுக்கு அடியில். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு மனிதர்தான் சம்பந்தம்.

மன்னார் வளைகுடாவின் பவளங்களை ஆரம்ப காலத்திலேயே முறையாகப் பட்டியல் போட்டவர்களில் ஒருவர் அவர். பழனி மலையின் பளியர், குன்னுவர் பற்றிய பதிவுகள் இன்றும் தேடிப் படிக்கப்படுவதும் அவருடைய புத்தகத்தில்தான். மெரினா கடற்கரையில் இந்தியாவின் முதல் மீன் காட்சியகத்துக்கு வடிவம் கொடுத்தவரும் அவரே. பெயர் எட்கர் தர்ஸ்டன்.

வீட்டிலேயே கண்ணாடித் தொட்டி வைத்து கல் பவளம் வளர்க்கும் வீடியோக்கள் இன்று மொபைலில் நிறைய ஓடுகின்றன. நம்ம ஊரில் கடலை கண்ணாடிக்குள் கொண்டுவரும் முயற்சி எங்கே ஆரம்பித்தது என்று தேடினால் இவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

டாக்டருக்குப் படித்தவர், மியூசியத்துக்கு வந்தார்

1855-இல் இங்கிலாந்தில் பிறந்த தர்ஸ்டன், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். 1877-இல் மருத்துவராகத் தகுதி பெற்றார். கொஞ்ச காலம் மனநலக் காப்பகத்தில் வேலை. பிறகு, தான் படித்த கல்லூரியிலேயே மியூசியத்தைக் கவனிக்கும் பொறுப்பு.

1885-இல் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 30. அடுத்த 23 ஆண்டுகள் அதுதான் அவருடைய உலகம். நடுவில் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பாடமும் எடுத்தார். கன்னிமாரா நூலகம் 1896-இல் அதே வளாகத்தில் திறக்கப்பட்டதும் இவர் காலத்தில்தான்.

சென்னைவாசிகள் இந்த மியூசியத்துக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. கேலிப் பேச்சாகத் தெரிந்தாலும் விஷயம் சரியாகத்தான் இருக்கிறது. மியூசியத்தில் இருப்பதெல்லாம் பஞ்சு அடைத்த பறவை, சாராயத்தில் ஊறும் பாம்பு, காய்ந்த எலும்பு. தர்ஸ்டனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு பட்டப்பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ராமேஸ்வரத்தில் என்ன செய்தார்?

சென்னைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே தூத்துக்குடி, பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கிளம்பிவிட்டார். முத்துக் குளிப்பும் சங்கு குளிப்பும் அரசுக்கு வருமானம் தந்த தொழில்கள். அவற்றோடு சேர்த்து, அந்தக் கடலில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பது அவருடைய வேலையாக ஆனது.

கடற்பஞ்சு, நட்சத்திர மீன், நண்டு, பவளம் என்று கிடைத்ததையெல்லாம் சேகரித்தார். தனக்குத் தெரியாததை அந்தந்தத் துறை நிபுணர்களுக்கு அனுப்பினார். அவர் அனுப்பிய கடற்பஞ்சுகளை ஆராய்ந்து ஆர்தர் டெண்டி என்ற விலங்கியலாளர் கட்டுரைகளே எழுதினார். முத்து, சங்கு குளிப்பு பற்றிய தர்ஸ்டனின் குறிப்புகள் 1890-இல் வந்தன. ராமேஸ்வரம் தீவு, மன்னார் வளைகுடா உயிரினங்கள் பற்றிய நூல் 1895-இல் வெளியானது. இந்தியப் பவளப்பாறை ஆய்வின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்த நூலைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பவளம் என்றாலே நமக்கு வெள்ளை வெளேரென்ற கொம்புதான் ஞாபகம் வரும். அது உயிருள்ள பவளம் கிடையாது, அதன் எலும்புக்கூடு!

கல் பவளம் என்பது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி உயிர்கள் ஒட்டி வாழும் குடியிருப்பு. பாலிப் எனப்படும் அந்த மெல்லுடல் உயிர்கள் கடல் நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தங்களுக்கு அடியில் கல்லாகக் கட்டிக்கொண்டே போகும். அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கும். அந்தப் பாசிகள் வெயிலில் உணவு தயாரித்து பவளத்துக்கும் கொடுக்கும். பவளத்தின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இந்தப் பாசியால் வருவது. கடலை விட்டு வெளியே எடுத்தால் தசை அழுகிப் போகும், நிறம் போகும், வெறும் கல் மிஞ்சும். மியூசிய அலமாரிக்கு வந்து சேருவது அந்தக் கல் மட்டும்தான்.

சரி, உயிரோடு எப்படிக் காட்டுவது?

இங்கிலாந்தில் இதற்கு ஒரு முன்னோடி இருந்தார். ஆனா தைன் என்ற பெண்மணி. 1846-இல் டார்கே கடற்கரையிலிருந்து சிறிய கல் பவளங்களை லண்டனில் உள்ள தன் வீட்டுக்கே எடுத்து வந்தார். அன்றைக்கு மோட்டார் ஏது, ஏர் பம்ப் ஏது? ஜன்னல் பக்கத்தில் நின்று கடல் நீரைத் தினமும் முன்னும் பின்னுமாக ஊற்ற வைத்து அதில் காற்றைக் கலந்தார். அந்த வேலையைச் செய்தது அவர் வீட்டுப் பணிப்பெண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு கடல் பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. 1859-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியானது.

ஆனால் அவர் வளர்த்தது குளிர்ந்த கடலின் கிண்ணப் பவளம். உடலுக்குள் பாசி இல்லாத வகை என்பதால் அதற்கு வெயில் தேவையில்லை. நம்ம ராமேஸ்வரத்துக் கொம்புப் பவளம் அப்படி இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் பட்டினிதான்.

சென்னைக்கு வருவோம். 1905-இல், அப்போதைய மெட்ராஸ் கவர்னர் ஆம்ப்தில் பிரபு ஒரு மீன் காட்சியகம் கட்டலாம் என்று சொல்ல, அதன் வடிவமைப்பை தர்ஸ்டன் கவனித்தார். இடம், மெரினா கடற்கரை. கடல் நீர் பக்கத்திலேயே கிடைக்கும் என்பது அங்கே பெரிய வசதி.

1909 அக்டோபர் 21-ஆம் தேதி அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. தர்ஸ்டன் அப்போது பதவியில் இல்லை, முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றிருந்தார். அவருக்கு அடுத்து வந்த ஹெண்டர்சன்தான் பொறுப்பில் இருந்தார். 1919-இல் காட்சியகம் மீன்வளத் துறையின் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் ஜப்பான் குண்டு வீசிவிடுமோ என்ற பயத்தில் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்துக்கு அதன் பிறகு பழைய வாழ்வு வரவில்லை.

பவளத்தை வெட்டி வளர்ப்பது எப்படி?

வெப்பக் கடலின் கல் பவளத்தை மூடிய தொட்டியில் வருஷக்கணக்கில் வளர்ப்பது உலக அளவிலேயே பின்னால் வந்த கதை. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1960-களில் உயிருள்ள பாறைத் துண்டுகளைத் தொட்டிக்குள் வைத்துக் காட்டினார். பலமான விளக்கும், நுரை மூலம் அழுக்கைப் பிரிக்கும் கருவியும் வந்த பிறகு, 1980-களில்தான் இது வீடுகளுக்குப் பரவியது.

இன்று வெளிநாடுகளில் வளர்ப்பவர்கள் பவளத்தைக் கிட்டத்தட்ட ரோஜாச் செடி மாதிரியே நடத்துகிறார்கள். ஒரு கிளையை உடைத்து, சின்னக் கல்லில் பசை வைத்து ஒட்டினால் போதும், அது தனிப் பவளமாக வளரும். நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் புதுக் கிளைகள் விடும். நீரோட்டமும் வெளிச்சமும் பலமாக இருந்தால் குட்டையாக, தடிமனாக, நெருக்கமாக வளரும். ரெண்டும் குறைந்தால் ஒல்லியாக, விரிந்து போகும். அதாவது பவளத்தின் உருவத்தில் பாதியைத் தீர்மானிப்பது அது இருக்கும் இடம். ஒரே இனம் ராமேஸ்வரத்தின் அலையடிக்கும் பக்கம் ஒரு மாதிரியும் அமைதியான பக்கம் வேறு மாதிரியும் இருக்கும். காய்ந்த எலும்புக்கூட்டை மட்டும் வைத்து இனம் பிரித்த அந்தக் காலத்து அறிஞர்கள் ஒரே பவளத்துக்கு நாலைந்து பெயர் வைத்துவிட்டுப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீரின் வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். லிட்டருக்கு சுமார் 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். சென்னையில் என்றால் தண்ணீரைக் குளிர்விக்க மெஷின் வேண்டும். கொடைக்கானலில் தலைகீழ் பிரச்சினை. குளிர்கால இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும் ஊரில் ஹீட்டர் ஓயாமல் ஓட வேண்டியிருக்கும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் கடற்கரையில் கரைவதில் ஐந்தில் நாலு பங்குதான்.

பழனி மலைக்கு எப்படி வந்தது இந்தக் கதை?

பவளத்தைப் பட்டியல் போட்ட அதே கை, மனிதர்களையும் பட்டியல் போட ஆரம்பித்தது. இங்கேதான் தர்ஸ்டனின் வாழ்க்கை சங்கடமான பக்கத்துக்குத் திரும்புகிறது.

1890-களிலிருந்து அவருடைய கவனம் மானிடவியல் பக்கம் போனது. மூக்கின் அகலம், நீளம், தலையின் அளவு, உயரம் என்று ஆட்களை அளந்தார். மியூசியம் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை, சிலருக்குக் காசு கொடுத்தும் அளந்தார். உடல் அளவை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையைப் போலீஸ் அதிகாரிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். மூக்கின் அளவை வைத்து இனத்தையும் சாதியையும் வரிசைப்படுத்தலாம் என்று ரிஸ்லி போன்ற அதிகாரிகள் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று பின்னால் முடிவானது.

1901-இல் மெட்ராஸ் மாகாணத்துக்கான இனவரைவியல் கணக்கெடுப்புப் பொறுப்பு அவரிடம் வந்தது. மலையிலும் காட்டிலும் அவரைக் கண்டு மக்கள் பயந்தார்கள். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைப் பார்த்ததும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல ஆட்களாகப் பார்த்துப் பிடித்துப்போய், பஞ்சு அடைத்து மெட்ராஸ் மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயம். தர்ஸ்டனே இதை வேடிக்கையான சம்பவமாகத்தான் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பெண்களின் பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. பறவையும் பாம்பும் பவளமும் அந்தக் கட்டடத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது ஊருக்கே தெரியும்.

கே. ரங்காச்சாரியின் உதவியோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக அந்தப் பெரிய நூல் வந்தது. 300-க்கும் மேற்பட்ட சமூகங்கள் அதில் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்பின் பெயர் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்.

பழனி மலைக்கு வந்தால், காட்டில் தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த பளியர் பற்றி அதில் தனிப் பதிவு இருக்கிறது. மலையில் விவசாயம் செய்த குன்னுவர் பற்றியும் இருக்கிறது. குன்னுவர்கள் கோயம்புத்தூர் சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள் என்ற வழக்கையும் அது பதிவு செய்கிறது. இதில் எல்லாமே அவர் நேரில் பார்த்து எழுதியது அல்ல. பழைய மாவட்டக் கையேடுகள், பாதிரிமார்களும் அதிகாரிகளும் அனுப்பிய குறிப்புகள் நிறையக் கலந்திருக்கின்றன.

அதனால்தான் இன்று அந்த நூலைப் படிப்பவர்கள் இரண்டு பக்கமும் இழுபடுகிறார்கள். மறைந்துபோன சடங்கு, உணவு, கல்யாண முறை பற்றி வேறெங்கும் கிடைக்காத தகவல் அதில் இருக்கிறது. கூடவே, வாழும் மனிதர்களை அலமாரி மாதிரி ஆளுக்கு ஒரு தட்டில் அடுக்கிய பார்வையும் இருக்கிறது. ஒரு பளியர் பிள்ளை இன்று அதைத் திறந்தால், தன் தாத்தாவின் தாத்தாவைப் பற்றிப் படிக்கும் அதே பக்கத்தில் அளவுகோலையும் சந்திக்க வேண்டும். பவளத்துக்குச் சொன்ன விஷயம்தான் இங்கேயும்: எடுத்து வைத்துப் பார்த்தால் வடிவம் தெரியும், வாழ்ந்த இடம் தெரியாது.

இன்று வீட்டில் பவளம் வளர்க்கலாமா?

இந்தியக் கடலிலிருந்து எடுக்க முடியாது. 2001 ஜூலையில் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டன, புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு. மீறினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. வெளிநாட்டுக் கல் பவளமும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. காய்ந்த பவளத்தைக் கடற்கரையில் வாங்கி ஷோகேஸில் வைப்பதும் சிக்கல்தான்.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் தொட்டி வளர்ப்பு இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். 1986-இல் 21 தீவுகளோடு தேசியக் கடல் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதில் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் பவளங்கள் வெளுத்தன, நிறைய செத்தன. இப்போது தூத்துக்குடி பக்கம் ஆராய்ச்சியாளர்கள் பவளத் துண்டுகளை கான்கிரீட் சட்டங்களில் கட்டி, கடலுக்கு அடியிலேயே வளர்க்கிறார்கள். தொட்டிக்காரர்கள் செய்யும் அதே வெட்டி ஒட்டும் வேலைதான், ஆனால் கண்ணாடி இல்லாமல்.

கடைசிக் காலம்

ஓய்வுக்குப் பிறகு தர்ஸ்டன் இங்கிலாந்து திரும்பினார். தென்னிந்திய சகுனங்கள், நம்பிக்கைகள் பற்றி 1912-இல் ஒரு நூல், மெட்ராஸ் மாகாணம் பற்றி 1913-இல் ஒரு நூல் எழுதினார். அதற்குப் பிறகு மனிதர்களை அளக்கவில்லை. கார்ன்வால் பகுதியின் செடிகொடிகளை எண்ண ஆரம்பித்தார், 1930-இல் அங்குள்ள மரங்கள், புதர்கள் பற்றிய புத்தகமும் வந்தது. 1935 அக்டோபர் 12-ஆம் தேதி பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில் இறந்தார்.

அவர் பெயர் இன்னும் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறது. பேய்த்திருக்கை வகை ஒன்றுக்கு 1908-இல் தர்ஸ்டனின் பெயரைச் சேர்த்து மொபுலா தர்ஸ்டனி என்று பெயரிட்டார்கள். அதுவும் இப்போது அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது.