கேப்டன் லக்ஷ்மி: சீருடைக்குப் பின் வந்த வாழ்க்கை

கேப்டன் லக்ஷ்மி என்றதும் நம் அங்கத்தினர்கள் பலருக்கும் நேதாஜியுடன் சீருடையில் நிற்கும் படமே நினைவுக்கு வரும். அந்தச் சீருடை வாழ்க்கை ஏறக்குறைய இரண்டு வருஷம்தான். டாக்டராக அவர் உழைத்ததோ அறுபது வருஷத்துக்கும் மேல். இந்தக் கணக்கை நாம் கவனிப்பதில்லை.

தந்தை சுவாமிநாதன் பாலக்காட்டுத் தமிழ் பிராமணர். சென்னையில் பெயர் பெற்ற கிரிமினல் வக்கீல். தாயார் அம்மு, இன்றைய பாலக்காடு மாவட்டம் ஆனக்கரையின் வடக்கத்து என்ற நாயர் தரவாட்டைச் சேர்ந்தவர். பிற்பாடு அரசியல் நிர்ணய சபை அங்கத்தினர். அந்தக் காலத்தில் இத்தகைய கலப்பு மணத்தை நம்மவர்கள் சுலபத்தில் ஏற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்த லக்ஷ்மி, 1938-ல் எம்.பி.பி.எஸ். தேறி, 1940-ல் சிங்கப்பூர் சென்றார். ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943-ல் நேதாஜி பெண்கள் படை அமைக்க விரும்பியபோது தயங்காமல் முன்வந்தார். ஜான்ஸி ராணி படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைப் பார்த்தேயிராதவர்களும் அவர்களில் உண்டு.

1945-ல் பர்மாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில் தாயகம் திரும்பினார். 1947-ல், செங்கோட்டை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட பிரேம் குமார் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார்.

சுதந்திரம் வந்த பிறகும் இந்திய தேசிய ராணுவத்தினரை நம் ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. ராணுவ ஒழுங்கைக் காரணம் காட்டினார்கள். பலருக்கு அது ஆறாத மனக்குறை. லக்ஷ்மியோ தமக்குத் தெரிந்த தொழிலைக் கையில் எடுத்தார். கான்பூரில் பிரிவினை அகதிகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் வைத்தியம் பார்த்தார். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமுக்கும், 1984-ல் விஷவாயு தாக்கிய போபாலுக்கும் சென்றார். தம் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். 1998-ல் பத்ம விபூஷண் கிடைத்தது.

2002-ல் இடதுசாரிகளின் வேட்பாளராக, 87-வது வயதில் அப்துல் கலாமை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார். அவருடைய அரசியல் நம்மில் பலருக்கு உடன்பாடில்லாமல் இருக்கலாம். ஆனால் தோல்விக்குப் பிறகும் அவருடைய கிளினிக் மூடப்படவில்லை; தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்து வந்தார்.

2012 ஜூலை 23 அன்று கான்பூரில் தமது 97-வது வயதில் காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானமாகக் கொடுத்திருந்தார்.

58 வயதில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, இனி நமக்கென்ன வேலை என்று உட்கார்ந்த என் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய வாழ்க்கை இது.