சமையற்கட்டின் தளபதி எஸ்கோஃபியே

நண்பர்களே, சமையல்காரர் ஒருவரின் வரலாற்றைச் சுவர் இதழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். படிச்சுப் பாருங்க!

பிரான்ஸ் நாட்டின் தெற்கே, நீஸ் நகருக்குப் பக்கத்தில் வில்நவ்-லூபே என்ற சிற்றூரில், 1846 அக்டோபர் 28-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார் ஓகஸ்ட் எஸ்கோஃபியே. சிற்பி ஆகணும் என்பது அவர் ஆசை. ஆனால் 13 வயதிலேயே, நீஸில் உறவினர் நடத்திய உணவகத்தில் வேலைக்கு விட்டுட்டாங்க. ஆள் குள்ளம். அடுப்பு அனல் முகத்தில் அடிக்கும். அதனால் குதிகால் உயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு வேலை செய்தார்!

1870-இல் போர் வந்தது. ராணுவத்துக்குச் சமைக்கப் போனார். மெட்ஸ் நகர முற்றுகையில் உணவு தீர்ந்தபோது குதிரை இறைச்சியைக்கூடச் சமைத்தார்.

1890-இல் லண்டன் சவாய் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் ஆனார். அந்தக் காலச் சமையலறை என்றால் புகை, குடி, கெட்ட வார்த்தை. இவர் குடியைத் தடுத்து பார்லித் தண்ணீர் கொடுத்தார். திட்டக்கூடாது என்றார். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இறைச்சிக்கு ஒருவர் என்று ராணுவம் போல வேலையைப் பிரித்தார். இன்றும் பெரிய ஹோட்டல்களில் இந்த முறைதான்.

ஆனால் 1898-இல் சவாய் அவரை நீக்கியது. பொருள் தருபவர்களிடம் கமிஷன் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. 1900-இல் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார். பெரியவர்களும் தவறுவார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதோடு அவர் முடங்கிவிடவில்லை. கார்ல்டன் ஹோட்டலில் உழைத்தார். 1903-இல் 5000-க்கும் மேற்பட்ட குறிப்புகளுடன் பெரிய சமையல் நூலை வெளியிட்டார்.

அதில் சொந்த மண்ணின் 'நீஸ் சாலட்'டும் உண்டு. வேகவைத்த பீன்ஸ், உருளைக்கிழங்கு, கூடவே தக்காளி. மேலே ஆலிவ் காய், உப்பில் ஊறிய நெத்திலி மீன். இப்போது பலர் சூரை மீனும் அவித்த முட்டையும் சேர்க்கிறார்கள். கூட்டு மாதிரி கிளறக் கூடாது. கோலம் போடுவது போலத் தட்டில் அடுக்கணும்.

மேலே ஊற்றும் வினிகிரெட்டை வீட்டிலேயே செய்யலாம். ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு ஆலிவ் எண்ணெய். முதலில் உப்பை வினிகரில் கரைக்கணும். ஏன் தெரியுமா? எண்ணெயில் உப்பு கரையாது! (நம்ம அறிவியல் பாடம்தான்.) பிறகு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடிக்கணும். வைத்திருந்தால் இரண்டும் பிரிந்துவிடும். மறுபடி கலக்கி ஊற்றணும்.

இந்த சாலட்டால் ஒரு சண்டையும் உண்டு. காய்களைப் பச்சையாகத்தான் போடணும், உருளைக்கிழங்கு கூடவே கூடாது என்று நீஸ்காரர்கள் பலர் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளையே அதைப் போட்டுவிட்டார் என்று கோபம்!

1920-இல் பிரான்ஸ் அரசு அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது அளித்தது. 1935 பிப்ரவரி 12-இல், 88 வயதில் மோன்டே கார்லோவில் காலமானார். அவர் பிறந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

கல்லில் செதுக்க நினைத்தவர் தட்டில் செதுக்கினார். சமைக்கும் கையும் கலைஞனின் கைதான். இன்று வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும், சமைத்தவரிடம் நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க!