திருடனுக்குப் பெயர் வைத்த பேராசிரியர்

ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் திருடனைக் கதைத்தலைவனாக வைத்து நாவல் எழுதலாமா? எழுதினார் ஒருவர். அவரும் சாதாரணப் பேராசிரியர் அல்லர். 1925 முதல் 1959 வரை ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழியையும் அதன் பழம்பெரும் இலக்கியங்களையும் கற்பித்தவர். அவர்தாம் ஜே.ஆர்.ஆர். டோல்கீன்.

மாய உலகம் ஒன்றில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத சிலர் கும்பலாகச் சேர்ந்து பெருங்கொள்ளைக்குப் புறப்படும் நாவல்கள் இன்று நம் விடுதி அறைகளில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவ்வகைக் கதைகளின் முன்னோடிகளுள் ஒன்று 1937இல் டோல்கீன் வெளியிட்ட 'த ஹாபிட்'. தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பைத் தாண்டி, தேசிய இடைநிலைப்பள்ளியின் நான்காம் படிவத்தில் அந்நூலைக் கையில் எடுத்தேன். முதல் அத்தியாயத்திலேயே அகராதியைத் தேட வேண்டியதாயிற்று. நான் பொருள் தேடிய முதல் சொல், கன்னம் வைத்துத் திருடுபவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்!

டோல்கீன் 1892ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் புளும்ஃபொன்டெய்ன் நகரில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாயார் மேபல் இரண்டு மகன்களையும் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே வளர்த்தார். 1900இல் அவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியதால் உறவினர்களின் பண உதவி நின்றுபோனது. 1904இல் நீரிழிவு நோயால் அவரும் மறைந்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. பன்னிரண்டு வயதில் அநாதையான டோல்கீனுக்குப் பாதிரியார் பிரான்சிஸ் மோர்கன் பாதுகாவலரானார்.

பள்ளியில் டோல்கீனுக்கு ஒரு நண்பர் கூட்டம் அமைந்தது. பள்ளி நூலகத்திலேயே கள்ளத்தனமாகத் தேநீர் காய்ச்சிக் குடித்த கூட்டம் அது. அதன் உயிர்நாடியாக இருந்தவர்கள் நால்வர். உலகத்தையே மாற்றப் போகிறோம் என்று அந்த வயதுக்கே உரிய நம்பிக்கையோடு இருந்தார்கள். அந்த நம்பிக்கையைச் சிதைத்தது முதல் உலகப்போர். 1915இல் ஆக்ஸ்ஃபர்டில் முதல் வகுப்பில் தேறிய டோல்கீன், 1916 மார்ச்சில் எடித் பிராட் அவர்களை மணந்து, சில மாதங்களில் பிரான்சு நாட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். சோம் போரின் முதல் நாளான ஜூலை 1ஆம் தேதி நால்வரில் ஒருவரான ராப் கில்சன் மாண்டார். டிசம்பரில் ஜெஃப்ரி ஸ்மித் மாண்டார். டோல்கீனைக் காப்பாற்றியது பேன்! பேன் வழியாகப் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு அவர் நவம்பரில் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார்.

போருக்குப் பின் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதிப் பணியிலும், பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் இருந்துவிட்டு, 1925இல் ஆக்ஸ்ஃபர்டுக்குப் பேராசிரியராகத் திரும்பினார். அவர் ஆயுள் முழுவதும் ஆராய்ந்த நூல் 'பேயோவுல்ஃப்'. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலக் காப்பியம். உலகத்தில் அதற்கு ஒரே ஒரு கையெழுத்துப் படிதான் உண்டு. 1731இல் நேர்ந்த தீவிபத்தில் அதன் ஓரங்கள் கருகிவிட்டன.

அக்காப்பியத்தின் பிற்பகுதியில் ஒரு திருட்டு வருகிறது. முந்நூறு ஆண்டுகளாகப் புதையலைக் காத்துக் கிடக்கும் டிராகனிடமிருந்து, தண்டனைக்கு அஞ்சி ஓடிவந்த ஒருவன் கிண்ணம் ஒன்றை எடுத்துச் செல்கிறான். விழித்தெழுந்த டிராகன் நாட்டையே எரிக்கிறது. அதனுடன் பொருது மன்னன் பேயோவுல்ஃப் உயிர் துறக்கிறான். இவ்வளவுக்கும் காரணமானவனுக்குக் காப்பியத்தில் பெயர் இல்லை. அவன் அடிமையா வேறு யாருமா என்பதைச் சொல்லும் சொல்கூடச் சிதைந்து, முதல் எழுத்து மட்டுமே எஞ்சியிருக்கிறது. டிராகனின் குகைக்கு வழிகாட்ட அவனை இழுத்துச் செல்லும்போது அந்தக் குழுவில் அவன் பதின்மூன்றாவது ஆள் என்று மட்டும் கவிஞர் எண்ணிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

பெயரில்லாத அந்த ஆளுக்குத்தான் டோல்கீன் பெயர் வைத்தார் என்று நான் நினைக்கிறேன். 1930 வாக்கில் ஒரு நாள் வருமானத்துக்காகப் பள்ளித் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, மாணவர் ஒருவர் எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கம் கண்ணில் பட்டது. தரைக்குள் வளையில் வாழும் ஹாபிட் ஒன்றைப் பற்றி ஒரு வரியை அதில் எழுதினார். ஹாபிட் என்றால் என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது. (தேர்வில் வெற்றுத்தாள் கொடுத்து இலக்கியத்திற்குத் தொண்டாற்றிய மாணவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.)

அந்த வரியிலிருந்து பிறந்தவர்தான் பில்போ பேக்கின்ஸ். இடுப்பளவு உயரம், வேளை தவறாத சாப்பாடு, வீட்டை விட்டு நகராத சோம்பல். அவரைப் போய்த் திருடனாக வேலைக்கு அமர்த்துகின்றனர் பதின்மூன்று குள்ளர்கள். பதின்மூன்று ஆகாத எண் என்பதால் பதினான்காவது ஆள் தேவைப்படுகிறது. அக்குள்ளர்களோ நாட்டையும் செல்வத்தையும் டிராகனிடம் பறிகொடுத்து, ஊர் ஊராய் அலைந்து பிழைப்பவர்கள். பில்போவுக்கு முறையான ஒப்பந்தமும் உண்டு. இலாபம் கிடைத்தால் பதினான்கில் ஒரு பங்கு, செத்துப்போனால் ஈமச்செலவு! குள்ளர்களில் பெரும்பாலோரின் பெயர்களையும், மந்திரவாதி கேண்டால்ஃபின் பெயரையும் டோல்கீன் பழைய நார்ஸ் மொழிப் பாடல் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார். திருடர் கதைக்குப் பொருத்தமான வேலைதான்.

பில்போ டிராகனிடமிருந்து எடுக்கும் முதல் பொருளும் ஒரு கிண்ணமே. ஆனால் அவர் செய்யும் பெரிய திருட்டு அதுவன்று. டிராகன் மாண்டபின் புதையலுக்காகக் குள்ளர்களும் மனிதர்களும் எல்ஃப் இனத்தாரும் போருக்கு நிற்கிறார்கள். குள்ளர் தலைவன் தோரின் யாருக்கும் எதையும் தர மறுக்கிறான். அப்போது பில்போ, தோரின் உயிரினும் மேலாக மதித்த ஆர்க்கன் கல்லைத் தம் கூட்டாளிகளுக்குத் தெரியாமல் எடுத்துச் சென்று எதிரணியிடம் கொடுத்துவிடுகிறார். அதையே தம் பங்காக வைத்துக்கொள்ளும்படி பிறகு தோரினிடம் சொல்கிறார். போர் வேண்டாம் என்பதற்காகச் செய்த திருட்டு! சோம் போர்முனையைக் கண்டு வந்தவர் எழுதிய பக்கங்கள் இவை. எத்தனை முறை படித்தாலும் என்னால் இவற்றை வேகமாகப் புரட்ட முடிவதில்லை.

பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் கையெழுத்துப் படியைப் பத்து வயது மகன் ரேய்னரிடம் படிக்கக் கொடுத்தார். ஒரு ஷில்லிங் கூலி பெற்றுக்கொண்டு சிறுவன் சிபாரிசு செய்தான். 1937 செப்டம்பர் 21ஆம் நாள் நூல் வெளியானது. 1500 படிகளும் அந்த ஆண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. வாசகர்கள் தொடர்ச்சி கேட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' உருவாகி 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. 'த ஹாபிட்' முதற்பதிப்பில், கோல்லம் என்னும் குகைவாசி விடுகதைப் போட்டியில் தோற்று, பந்தயப் பொருளான மோதிரத்தைத் தர மனமார முன்வருகிறது. புதிய கதையிலோ அம்மோதிரம் யாரும் விட்டுக்கொடுக்க முடியாத தீய ஆற்றல் உடையது. எனவே டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் மோதிரத்தை இழந்த கோல்லம் பில்போவைத் திருடன் என்று சபிக்கிறது. அப்படியானால் பழைய பதிப்பு? அது பில்போ சொன்ன பொய் என்று பெரிய நாவலில் எழுதிவிட்டார்! மோதிரம் தமக்கே உரியது என்று காட்ட, நேர்மையான பில்போவே கதை கட்டினாராம். ஆசிரியரின் பிழையைத் திருடனின் மனச்சாட்சியாக மாற்றிய இந்தச் சாமர்த்தியத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

1965இல் டோல்கீனின் வீட்டுக்கே கன்னம் வைக்கப்பட்டது எனலாம். ஏஸ் புக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தி, அனுமதியின்றி 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. டோல்கீன் தமக்குக் கடிதம் எழுதிய அமெரிக்க வாசகர்களுக்குப் பதில் எழுதும்போதெல்லாம் இச்செய்தியைச் சேர்த்து எழுதினார். வாசகர்களின் எதிர்ப்பு வலுத்தது. மறு ஆண்டு அந்நிறுவனம் உரிமைத்தொகை கொடுத்துப் பதிப்பை நிறுத்த ஒப்புக்கொண்டது. அந்தச் சச்சரவே அமெரிக்கக் கல்லூரிகளில் அவர் பெயரைப் பரப்பிவிட்டது.

1971 நவம்பரில் எடித் காலமானார். 1973 செப்டம்பர் 2ஆம் நாள் தம் 81ஆம் வயதில் டோல்கீனும் மறைந்தார். ஆக்ஸ்ஃபர்டின் வுல்வர்கோட் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் ஒரே கல்லறையில் துயில்கின்றனர். கல்லில் எடித்தின் பெயருக்குக் கீழே லூத்தியன் என்றும், அவர் பெயருக்குக் கீழே பெரென் என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. போரிலிருந்து திரும்பிய நாள்களில், காட்டு வெளியில் தம் மனைவி ஆடியதைக் கண்டு டோல்கீன் எழுதத் தொடங்கிய காதல் கதையின் நாயகியும் நாயகனும் அவர்கள். அக்கதையில் லூத்தியனை மணப்பதற்காக, அவளையே துணையாகக் கொண்டு தீமையின் அரசனுடைய கோட்டைக்குள் நுழைந்து, உறங்கும் அவன் இரும்பு மகுடத்திலிருந்து மணி ஒன்றைப் பெயர்த்து எடுத்தவன்தான் பெரென்.