மோகன் ராகேஷின் வாழ்வும் படைப்பும்: வீடு திரும்புதல் என்னும் சிக்கல்

விடுதலைக்குப் பிந்தைய இந்திய நாடகத்தைப் பற்றிய ஆய்வுகளில் விஜய் டெண்டுல்கர், பாதல் சர்க்கார், கிரீஷ் கர்னாட் ஆகியோருடன் இணைத்து எண்ணப்படுபவர் இந்தி எழுத்தாளர் மோகன் ராகேஷ். அவர் முழுமையாக எழுதி முடித்த பெருநாடகங்கள் மூன்றே. இந்த மூன்றிலும் இறுதிக் காட்சியில் ஓர் ஆண் தான் நீங்கிய வீட்டிற்குத் திரும்பி வருகின்றான். எந்த நாடகத்திலும் அவ்வருகை எதனையும் தீர்த்துவைப்பதில்லை. ஒரே முடிச்சை மும்முறை அவிழ்க்க முயன்ற இப்படைப்பாளியின் வாழ்க்கையோடு அம்முடிச்சிற்குள்ள தொடர்பை நோக்குவது பயனுடையதாகும்.

இளமையும் அலைவும்

மதன் மோகன் குக்லானி என்னும் இயற்பெயருடைய ராகேஷ் 1925 சனவரி 8ஆம் நாள் அமிர்தசரஸில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், இலக்கியத்திலும் இசையிலும் ஈடுபாடு உடையவர். ராகேஷ் பதினாறு வயதினராக இருந்தபோது தந்தை மறைந்தார். குடும்பத்திற்கு எஞ்சியது கடன். லாகூரில் கல்வி பயின்று சமற்கிருதத்திலும் இந்தியிலும் முதுகலைப் பட்டம் பெற்றார். 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது அவர் பயின்ற நகரம் அயல்நாடாயிற்று. பிறந்த ஊர் இப்பாலும் இளமைக் கல்வி அப்பாலுமாகப் பிளவுண்ட தலைமுறை அவருடையது.

பின்னர் பம்பாய், சிம்லா, ஜலந்தர் எனப் பணியிடங்கள் மாறின. எந்தப் பதவியிலும் அவர் நிலைக்கவில்லை. 1957இல் ஜலந்தர் கல்லூரிப் பணியைத் துறந்து எழுத்தையே வாழ்வாகக் கொண்டார். 1962இல் 'சாரிகா' இதழின் ஆசிரியரானார்; ஏறத்தாழ ஓராண்டில் அதனையும் விட்டார். மலைநகர்ப் பள்ளியொன்றில் பணிவிலகல் கடிதம் கொடுத்துவிட்ட இந்தி ஆசிரியனைக் கதைத்தலைவனாகக் கொண்ட 'ந ஆனேவாலா கல்' (1968) புதினத்திற்கு வேறெங்கும் கருப்பொருள் தேட வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்காது. இரண்டு திருமணங்கள் முறிந்தன, மூன்றாவதே நிலைத்தது.

வேலை துறந்த இடைவெளியொன்றில், 1952 இறுதியிலும் 1953 தொடக்கத்திலும், மேற்குக் கடற்கரை வழியே கன்னியாகுமரி வரை அவர் பயணம் செய்தார். அதன் விளைவே 'ஆக்கிரி சட்டான் தக்' (கடைசிப் பாறை வரை, 1953) என்னும் பயணநூல். அக்காலத்தில் கன்னியாகுமரி திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதி. 1956 நவம்பரிலேயே தமிழகத்துடன் இணைந்தது. முனையின் கதிர் மறைவை வியந்து எழுதும் அந்நூல், படித்தும் வேலையற்றிருந்த அவ்வூர் இளைஞர்களையும் காணத் தவறவில்லை. காட்சியழகில் மயங்கிய நிலையிலும் மனிதரின் இருப்பிடச் சிக்கலை நோக்கித் திரும்பும் இப்பார்வையே அவருடைய சிறுகதைகளின் வேர்.

சிறுகதைகள்

1950களின் நடுப்பகுதியில் இந்தியில் உருவான 'நயீ கஹானி' (புதிய சிறுகதை) இயக்கத்தில் கமலேஷ்வர், ராஜேந்திர யாதவ் ஆகியோருடன் ராகேஷ் முதன்மையிடம் பெற்றார். இலட்சியத் தீர்வுகளை ஒதுக்கி, நகர நடுத்தர வாழ்வின் உறவுச் சிதைவுகளை உள்ளிருந்து காட்டுதல் அவ்வியக்கத்தின் போக்கு.

அவருடைய கதைகளுள் தலையாயது 'மல்பே கா மாலிக்' (இடிபாடுகளின் உரிமையாளன்). பிரிவினை நிகழ்ந்து ஏழரை ஆண்டுகள் கழிந்தபின், வளைகோற்பந்து ஆட்டம் காணும் வாய்ப்பைக் கொண்டு லாகூரிலிருந்து அமிர்தசரஸ் வருகின்றார் முதியவர் கனி. அவருடைய மகனின் குடும்பம் கலவரத்தில் கொல்லப்பட்டுவிட்டது. வீடு எரிந்து மண்மேடாகக் கிடக்கின்றது. கொன்றவன் அண்டைவீட்டு மல்லன் ரக்கா. அவ்வீட்டைக் கைப்பற்றும் ஆசையும் அவனுக்கு இருந்தது. இதனை அறியாத கனி அவனிடமே நெஞ்சுருகப் பேசி, வாழ்த்திச் செல்கின்றார். தெருவே அறிந்த உண்மை அவர் செவிக்கு மட்டும் எட்டுவதில்லை. பின்னர் அவ்விடிபாட்டில் அமர்ந்த ரக்காவை ஒரு நாய் குரைத்து விரட்டுகின்றது. பழிவாங்கலோ மன்னிப்போ இங்கு இல்லை. குற்றவாளியின் உடல் தளர்வும் வாயடைப்பும் மட்டுமே காட்டப்படுகின்றன. ஆசிரியர் கூற்றாக ஒரு கண்டனச்சொல் சேர்ந்திருப்பினும் கதை தாழ்ந்திருக்கும்.

'உஸ்கி ரோட்டி' கதையில் பேருந்து ஓட்டுநனான கணவனுக்குரிய ரொட்டியுடன் சாலையோரம் காத்திருக்கும் பாலோ, 'ஏக் அவுர் ஜிந்தகி'யில் மணமுறிவுக்குப்பின் தன் குழந்தையைச் சந்திக்கும் தந்தை என வருகையும் காத்திருப்பும் வெவ்வேறு வடிவில் தொடர்கின்றன. முன்னதை மணி கௌல் திரைப்படமாக்கினார்.

மூன்று நாடகங்கள்

ஜெயசங்கர் பிரசாத்தின் வரலாற்று நாடகங்கள் மேடையைவிட வகுப்பறையிலேயே மிகுதியும் வாழ்ந்தன. தர்மவீர் பாரதியின் 'அந்தா யுக்' (1954) புதுவழி காட்டியது. அச்சூழலில் 1958இல் வெளிவந்த 'ஆஷாட் கா ஏக் தின்' (ஆஷாட மாதத்தில் ஒரு நாள்) எழுத்துநாடகத்திற்கும் மேடைக்குமிருந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்தது. கல்கத்தாவில் அனாமிகா குழுவுக்காகச் சியாமானந்த ஜாலானும், 1962இல் தேசிய நாடகப் பள்ளியில் இப்ராகிம் அல்காசியும் இதனை இயக்கினர்.

காளிதாசன் கதைத்தலைவன் எனினும் மூன்று அங்கங்களும் மல்லிகாவின் சிற்றூர் இல்லத்திலேயே நிகழ்கின்றன. உஜ்ஜயினியும் காசுமீரமும் செய்தியாக மட்டுமே வந்து சேர்கின்றன. இவ்விடத்தேர்வே நாடகத்தின் தீர்ப்பு எனலாம்: புகழ்பெற்றவன் வாழ்ந்த இடத்தை விடுத்து, அவன் விட்டுச்சென்ற இடம் மேடையாகின்றது. காசுமீர ஆட்சியாளன் மாத்ருகுப்தனும் காளிதாசனும் ஒருவரே என்னும் கருத்தை ராகேஷ் ஏற்றுக் கையாள்கின்றார். பதவியைத் துறந்து மழைநாளில் திரும்பும் கவிஞன், மல்லிகா தன் கையால் கோத்து வைத்திருந்த வெற்றேடுகளில் கண்ணீர்க்கறைகளைக் காண்கின்றான். மீண்டும் தொடங்கலாம் என எண்ணும் வேளையில் உள்ளிருந்து அவளுடைய குழந்தையின் அழுகுரல் கேட்கின்றது. அவன் வெளியேறுகின்றான். கார்ப்பருவத்தில் தலைவன் மீள்வதையும் ஆற்றியிருத்தலையும் முல்லைத்திணையில் கற்ற வாசகர்க்கு இக்காட்சி வேறொரு கடுமையுடன் விளங்கும். இங்குப் பருவம் பொய்க்கவில்லை, வந்தவனே பொய்க்கின்றான்.

இரண்டாம் நாடகமான 'லஹரோங் கே ராஜ்ஹன்ஸ்' (அலைகளின் அரச அன்னங்கள், 1963) அசுவகோசரின் சௌந்தரநந்த காவியத்தைத் தழுவியது. மனைவி சுந்தரிக்கும் புத்தரின் அழைப்பிற்கும் இடையே நந்தன் அலைக்கழிகின்றான். காவியம் நந்தனை விடுதலைக்கு இட்டுச்செல்கின்றது. ராகேஷால் அம்முடிவை ஏற்க இயலவில்லை. வேறு முடிவும் எளிதில் கிட்டவில்லை. முதலில் கதையாகவும் பின் வானொலி நாடகமாகவும் இருந்து மேடைக்கு வந்த இப்பொருள் அச்சேறிய பின்னும் அவரை விடவில்லை. 1966இல் ஜாலான் இதனை இயக்கியபோது கல்கத்தா சென்று, ஒத்திகைகளுக்கிடையே மூன்றாம் அங்கத்தைப் புதிதாக எழுதினார். திருந்திய வடிவம் 1968இல் வெளிவந்தது. தலை மழிக்கப்பட்டுத் திரும்பும் நந்தனும் அவனை எதிர்கொள்ளும் சுந்தரியும் ஒருவரிடம் ஒருவர் என்ன பேச இயலும் என்பதே அவரை வாட்டிய வினா. இருவரும் தத்தம் கருத்தையே பேசிப் பிரிகின்றனர். மூன்றனுள் கட்டுக்கோப்பில் தளர்ந்தது இதுவே எனினும், ராகேஷின் படைப்பு மனத்தை அறிய இதைவிடச் சிறந்த சான்றில்லை.

1969இல் தில்லியில் ஓம் சிவ்புரி இயக்கத்தில் அரங்கேறிய 'ஆதே அதூரே' (அரைகுறைகள்) வரலாற்றுத் திரையை முற்றாக விலக்கியது. தொழிலில் நொடித்த மகேந்திரநாத். சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கும் சாவித்திரி. கசப்பில் வளரும் மூன்று மக்கள். முன்னுரைக்கும் கறுப்புடை மனிதன், கணவன், வேறு மூன்று ஆடவர் ஆகிய ஐந்து வேடங்களையும் ஒரே நடிகர் ஏற்க வேண்டும் என்பது ஆசிரியர் குறிப்பு. யாரை மணந்திருப்பினும் சாவித்திரி இதே ஏமாற்றத்தை அடைந்திருப்பாள் என்று கணவனின் நண்பன் ஜுனேஜா வாதிடுகின்றான். ஒரே முகம் ஐவராக வருவது அவ்வாதத்திற்கு மேடையே சாட்சியளிப்பது போலாகின்றது என்பது பெண்ணிய நோக்கினரின் குறை. அதில் உண்மையுண்டு. ஆயினும் அதே உத்தி எதிர்ப்பொருளும் தரும்: தீர்ப்புக் கூறுபவனும் அந்த ஐவருள் ஒருவனே. நடிகரின் முகம் மாறாதிருக்கையில், அவனுடைய நடுநிலையை நம்ப வேண்டிய கடமை பார்வையாளர்க்கு இல்லை. இறுதியில் மகேந்திரநாத் தடுமாறியபடி வீடு திரும்புகின்றான்.

இறுதி ஆண்டுகள்

'மிருச்சகடிகம்', 'அபிஞான சாகுந்தலம்' ஆகியவற்றை இந்தியில் பெயர்த்தவர் ராகேஷ். அரங்கின் உயிர் காட்சிக்கருவிகளில் இல்லை, சொல்லிலேயே உள்ளது என்பது அவர் கொள்கை. நேரு ஆய்வு நல்கை பெற்று 'நாடகச் சொல்' பற்றிய ஆய்வை மேற்கொண்டிருந்தார். உரையாடலின் கோவையைக் குலைத்து ஒலிச்சிதறல்களால் அமைத்த 'சத்ரியான்' (குடைகள்) என்னும் சிறு முயற்சி, சொல்லை நம்பிய ஒருவர் சொல்லின் எல்லையையும் சோதித்தமைக்குச் சான்று. 1972இல் ஐம்பதை எட்டாமலேயே தில்லியில் காலமானார். ஆய்வு நிறைவுறவில்லை. எழுதிக்கொண்டிருந்த நான்காம் நாடகம் 'பைர் தலே கி ஜமீன்' (காலடி நிலம்) குறையாக நின்றது. பின்னர் நண்பர் கமலேஷ்வர் அதனை முடித்து வெளிக்கொணர்ந்தார்.