மாவு அரைத்த பாரிஸ்டர்

தூத்துக்குடிக்காரர்களுக்கு ரொட்டி புதிதல்ல. முத்துக் குளித்த இந்தக் கரைக்குப் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார்கள். அக்கரையில் இலங்கைத் தமிழர்கள் ரொட்டியை இன்றும் பாண் என்றுதான் சொல்கிறார்கள். அது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். தூத்துக்குடி ரொட்டிக் கடைகளையும், அங்கே விற்கும் மக்ரூனையும் அறியாதவர் உண்டா?

ஆனால் கடை ரொட்டி பெரும்பாலும் வெள்ளை ரொட்டி, மைதா ரொட்டி. அது வேண்டாம் என்று வீட்டிலேயே கோதுமை அரைத்து, தவிட்டோடு பிசைந்து, மனைவி மக்களோடு உண்ட ஒரு பாரிஸ்டர் இருந்தார். 1919-ஆம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி அவர் தூத்துக்குடியில் பேசினார். பேசியது சத்தியாக்கிரகம் பற்றி. ரொட்டியைப் பற்றி அல்ல. ஆம், காந்தியடிகள்தான் அவர்!

கூச்சமும் பசியும்

காந்தி பிறந்த போர்பந்தரும் ஒரு துறைமுகம். 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்றபோது அவருக்கு வயது 18. புலால் உண்பதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

தங்கியிருந்த வீட்டில் கீரையும் ரொட்டியும் ஜாமும் போட்டார்கள். நன்றாகச் சாப்பிடும் வயது. ஆனாலும் இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க வெட்கம். பாதி வயிற்றோடு எழுந்துவிடுவார். நாள்தோறும் 10, 12 மைல் சுற்றி அலைந்து, மலிவான கடையில் ரொட்டியைத் தின்று வயிற்றை நிரப்புவார். திருப்தி மட்டும் ஏற்படாது. பாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஓட்டல் கண்ணில் பட்ட அன்றுதான் மனம் குளிரச் சாப்பிட்டார்.

இரும்புத் திருகை

1893-ல் தென் ஆப்பிரிக்கா போனார். 1903-ல் ஜோகன்னஸ்பர்க் நகரில் வக்கீல் தொழில் தொடங்கினார். நல்ல வருமானம். பின்னர் மனைவி மக்களும் வந்து சேர்ந்தார்கள். வாசலுக்கு ரொட்டி கொண்டுவர ஆள் இருந்தது. ஆனால் காந்தி கடை ரொட்டியை நிறுத்திவிட்டார்.

லூயி கூனே என்ற ஜெர்மானிய இயற்கை வைத்தியர் ஒரு முறை சொல்லியிருந்தார். அதன்படி ஈஸ்ட் போடாமல், சலிக்காத கோதுமை மாவில் வீட்டிலேயே ரொட்டி செய்தார்கள். ஆலை மாவு அதற்கு ஒத்துவரவில்லை. எனவே 7 பவுன் கொடுத்து ஒரு திருகை வாங்கினார். அன்றைய கணக்கில் நம் பணம் 105 ரூபாய்! இரும்புச் சக்கரம். ஒரு ஆள் சுற்ற முடியாது. இரண்டு பேர் வேண்டும். காந்தியும் அவருடைய நண்பர் போலக்கும் பிள்ளைகளும் சுற்றுவார்கள். கஸ்தூரிபாய்க்கு அது அடுப்பு மூட்டும் நேரம். ஆனாலும் சில நாள் அவரும் வந்து கைகொடுப்பார். பிறகு போலக்கின் ஆங்கில மனைவியும் சேர்ந்துகொண்டார்.

இவ்வளவு பாடு எதற்கு? கோதுமை மணியின் மேல்தோல்தான் தவிடு. உள்ளே ஓர் ஓரத்தில் முளை இருக்கிறது. மைதா செய்யும்போது இரண்டும் போய்விடும். நார்ச்சத்தும், பி வைட்டமின்களில் பெரும் பகுதியும் கூடவே போய்விடும். முளையில் எண்ணெய் இருப்பதால் முழு மாவு நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அன்றன்று அரைப்பது நல்லது. ஈஸ்ட் போடாத ரொட்டி பூப்போல உப்பாது. அழுத்தமாக இருக்கும். நன்றாக மென்று தின்ன வேண்டும்.

மகனின் மனக்குறை

மாவு அரைப்பது பிள்ளைகளுக்கு நல்ல உடற்பயிற்சி என்பது தந்தையின் எண்ணம். இருக்கலாம். ஆனால் படிப்பு? பள்ளிக்கூடத்துக்கு அவர்களை அனுப்பவில்லை. ஆபீசுக்குப் போகவர 5 மைல் நடக்கும்போது கூட அழைத்துச் சென்று, வழியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். அது போதவில்லை. அந்தக் குறை பிள்ளைகளுக்கு இருந்ததைக் காந்தியே தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மூத்த மகன் ஹரிலால் படிப்பு வேண்டும் என்று 1911-ல் தந்தையை விட்டுப் பிரிந்தே போனார். அந்த வீட்டு ரொட்டிக்கு இப்படியும் ஒரு விலை இருந்தது.

21 மைல் நடை

இதற்குள் குடும்பம் பெரிதாகிவிட்டது. இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துப் பலர் சிறை சென்றார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். வீட்டில் இருந்த மனைவி மக்களுக்கு யார் சோறு போடுவது? நிதியிலிருந்து மாதந்தோறும் பணம் கொடுத்துக் கட்டுப்படி ஆகவில்லை.

1910-ல் காந்தியின் ஜெர்மானிய நண்பர் காலன்பாக், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அங்கேயும் ஒரு இரும்புத் திருகை வந்தது. காலை 6 மணிக்கு ரொட்டியும், கோதுமையை வறுத்துப் பொடித்துப் போட்ட காப்பியும். சோறு இல்லாமல் நம்மவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? 11 மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறி உண்டு! மாலை 5.30-க்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது மறுபடி ரொட்டியும் காப்பியும்.

பொதுக் காரியமாக நகருக்குப் போனால் மூன்றாம் வகுப்பு ரயில். சொந்த வேலை என்றால் நடைதான். இரவு 2 மணிக்கே புறப்படுவார்கள். கையில் தவிடு நீக்காத மாவு ரொட்டி, நிலக்கடலையை அரைத்த வெண்ணெய், ஆரஞ்சுத் தோல் ஜாம். எல்லாம் பண்ணையில் செய்தவை. நகரில் காசு கொடுத்துத் தின்ன வேண்டியதில்லை. 6, 7 மணி நேரத்தில் போய்ச் சேருவார்கள். ஒருவர் 4 மணி 18 நிமிடத்தில் நடந்து முடித்தார்! இப்படி மிச்சம் பிடித்த பணம்தான் போராட்டத்தை ஓட்டியது.

1942-ல், 73 வயதில், புனா ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது காந்தி உடல்நலம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கோதுமை மாவில் தவிட்டை நீக்காதீர்கள் என்று அதிலும் சொன்னார். திருகை சுற்றக் கைகொடுத்த கஸ்தூரிபாயும் அந்தச் சிறையில் கூட இருந்தார். 1944 பிப்ரவரி 22-ந் தேதி அங்கேயே காலமானார். பிரிந்துபோன ஹரிலால், கடைசி நாட்களில் அங்கே வந்து தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.